ஒரு பாக்கெட், பதினோரு இட்லி

இருபத்திரண்டு வருடமாக வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் மனுக்களைச் சரிபார்த்து வாங்குவது என் வேலை. தேதி விட்டுப்போனாலும் திருப்பிக் கொடுப்பேன், கையெழுத்து விட்டுப்போனாலும் திருப்பிக் கொடுப்பேன். "பின்னாடி குறிப்பு போட்டிருக்கே, படிச்சீங்களா?" என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேரையாவது கேட்டிருப்பேன். அப்பேர்ப்பட்ட நான் ஒரு பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்காமல் இரண்டு மாதம் செத்துப் பிழைத்தேன்.

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டரம்மா சொன்னதில்தான் தொடங்கியது. "மூணு மாசத்துல நாலு கிலோ குறைச்சிட்டு வாங்க சார். இல்லன்னா மாத்திரைதான்." எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. காலையில் இரண்டே இட்லி, மதியம் ஒரு கப் சோறு, விடிந்ததும் கிரிவலப் பாதையில் ஒரு மணி நேர நடை. சாயங்காலம் ஆபீஸ் வாசலில் தின்னும் பஜ்ஜிக்குப் பதிலாக 'லைட்' பிஸ்கட்.

அந்த பிஸ்கட்டை ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் ஒரு கடையில் வாங்குவேன். அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் கூடைகூடையாக வாங்கும் கடை. அவர்கள் எல்லாரும் ஒல்லியாக இருந்தார்கள். எனக்கு அந்த அத்தாட்சி போதும். பாக்கெட்டின் முன்பக்கம் ஒரு பச்சை இலை, அதன் கீழே கொட்டை எழுத்தில் 68 கலோரி. ஒரு இட்லி ஏறக்குறைய அறுபது என்று போனில் பார்த்து வைத்திருந்தேன். ஆக, ஒரு பாக்கெட்டும் ஒரு இட்லியும் ஒன்று! தினமும் ஒரு பாக்கெட்டை நிம்மதியாகக் காலி செய்தேன். பௌர்ணமி விரதத்தன்று சோற்றைத் தொடாமல் இரண்டு பாக்கெட். வழியெல்லாம் அன்னதானத்துக்கு வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, 'பாவம், கட்டுப்பாடு இல்லாத ஜனங்கள்' என்று நினைத்துக்கொண்டே மலையைச் சுற்றினேன். அண்ணாமலையார் சிரித்திருப்பார்.

முதல் மாதம் எடை இரண்டு கிலோ ஏறியது. மெஷின் சரியில்லை என்றேன். அடுத்த மாதம் வேறு மெஷினில் ஏறி நின்றேன். இன்னும் ஒரு கிலோ. அப்போதுதான் அண்ணன் ஞாபகம் வந்தது.

என் அண்ணனுக்கும் இப்படித்தான் தொடங்கியது. சாப்பாடு குறைந்துகொண்டே போக, எடை மட்டும் ஏறியது. "ஒரு சுத்து பெருத்துட்டாரே" என்று நாங்கள் கேலி செய்தோம். அது சதையில்லை, நீர். கிட்னி போயிருந்தது. அவர் கெண்டைக்காலுக்கு முன்பக்கம் விரலால் அமுக்கினால் குழி விழுந்து, எழும்ப வெகுநேரம் ஆகும். வருடம் திரும்புவதற்குள் போய்விட்டார்.

அதனால் தினமும் காலையில் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு என் காலை அமுக்கிப் பார்த்தேன். ஒரு நாள் குழி விழுவது போல இருக்கும், மறுநாள் இருக்காது. மனைவியிடம் சொல்லவில்லை. பயத்தை உள்ளே வைத்திருப்பவனுக்கு வெளியே கோபம்தான் வருகிறது. "இட்லியை பெருசு பெருசா ஊத்தினா எடை எப்படி குறையும்?" என்று அவள் மீது பாய்ந்தேன். அவள் மறுநாளிலிருந்து மாவைக் கம்மியாக ஊற்றினாள். நடந்து நடந்து கால் வலிக்குமே என்று சொல்லித் தினமும் நல்லெண்ணெய் வேறு தேய்த்துவிட ஆரம்பித்தாள். "இத்தனை வருஷமா இல்லாத அக்கறை, இன்னா விஷயம்?" என்று சீண்டினேன். சிரித்து மழுப்பினாள்.

கடைசியில் தனியாக டாக்டரம்மாவிடம் போய் அண்ணன் கதையைச் சொன்னேன். ரத்தம், சிறுநீர் இரண்டையும் சோதிக்க எழுதிக்கொடுத்தார். "சனிக்கிழமை ரிசல்ட் வந்துடும். அதுவரைக்கும் என்ன சாப்பிட்டாலும் ஒண்ணு விடாம எழுதிட்டு வாங்க."

எழுதுவதற்கா எனக்குச் சொல்லித்தர வேண்டும்? கோடு போட்டு, பத்தி பிரித்து, ஆபீஸ் பதிவேடு போலவே எழுதினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதிரில் உட்கார்ந்து, கீழ்பென்னாத்தூரில் அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, ஒரு பாக்கெட்டுக்கு அறுபத்தெட்டுதானா?"

"அவனே போட்டிருக்கான் இல்ல."

அவள் பாக்கெட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். "மாவும் எண்ணெயும் போட்டுத்தானே செய்றான்? இத்தனையும் சேர்ந்து ஒரு இட்லிதான்னா எப்படிங்க? கடலை எண்ணெய் ஒரு கரண்டி ஜாஸ்தியா ஊத்தினாலே உங்களுக்கு ஆகாது." பாக்கெட்டைத் திருப்பினாள். "பின்னாடி கட்டம் கட்டமா ஏதோ போட்டிருக்கே, படிச்சீங்களா?"

என் கேள்வி என்னிடமே வந்து நின்றது. கண்ணாடியை எடுத்து மாட்டினேன். ஒரு தடவைக்கான அளவு பதினைந்து கிராம், அதாவது இரண்டு பிஸ்கட். 68 கலோரி அந்த இரண்டு பிஸ்கட்டுக்கு. பாக்கெட்டில் அப்படிப் பத்து அளவு. 'லைட்' என்பதற்குப் பக்கத்தில் எறும்பு அளவுக்கு ஒரு நட்சத்திரம். அடியில் தேடினால், அதே கம்பெனியின் இன்னொரு பிஸ்கட்டை விடக் கம்மி என்று மட்டும் அர்த்தமாம்.

தினமும் அறுநூற்றெண்பது. இட்லிக் கணக்கில் பதினொன்று. விரத நாளில் இருபத்திரண்டுக்கும் மேலே!

நான் கத்தப்போகிறேன் என்று அவள் பயந்திருப்பாள். எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. "தின்னுதான்டி பெருத்திருக்கேன்! வேற ஒண்ணுமில்ல, தின்னுதான்!" தீனிப்பண்டாரம் என்று தெரிந்து இவ்வளவு சந்தோஷப்பட்டவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆனாலும் ரிசல்ட் வரும்வரை பாதி உயிர்தான். சனிக்கிழமை டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, "கிட்னி நல்லா இருக்கு சார். நிம்மதியா போங்க" என்றார். நான் சிவப்பு மையில் திருத்தியிருந்த பிஸ்கட் கணக்கைப் பார்த்து அவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. "முன்னாடி போடறது விளம்பரம். ஒரு தடவைக்கு எவ்வளவு, பாக்கெட்ல எத்தனை தடவைக்கு இருக்கு, இது ரெண்டையும் பின்னாடி பாருங்க. ரெண்டு பொருளை ஒப்பிடணும்னா நூறு கிராம் கணக்கைப் பாருங்க." மாத்திரைக்கு இன்னும் மூன்று மாதம் தவணை கிடைத்தது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அண்ணன் நினைப்பு, குளியலறை, கால், குழி எல்லாம். "நீ பயந்துடுவேன்னுதான் சொல்லல" என்றேன்.

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நல்ல ஆளு போங்க. தெனமும் எண்ணெய் தேய்ச்சேனே, எதுக்குன்னு நெனச்சீங்க? குழி விழுதான்னுதான் அமுக்கி அமுக்கிப் பார்த்துட்டு இருந்தேன்." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

அன்றைக்கும் சாப்பிட்டு முடித்ததும் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள்.

"இனிமே எதுக்கு?" என்றேன்.

"இனிமே கால் வலிக்குத்தான். நீட்டுங்க."