கேன்சலை அமுக்காத வீடு

சிதம்பரம் மேல வீதியில் ஒரு பாத்திரக்கடையின் பக்கவாட்டுப் படியில் ஏறினால் மாலதியின் சர்வீஸ் கடை வரும். கடை என்றால் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பிரித்துப் போட்ட கம்ப்யூட்டர் பெட்டிகள், ஒரு ஜன்னல். அவ்வளவுதான். அவள் கடலூர் வண்டிப்பாளையத்துப் பெண். அப்பா சாமிக்கண்ணு துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலை பார்த்து அவளைப் பாலிடெக்னிக்கில் படிக்கவைத்தார். மஞ்சக்குப்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் கொஞ்ச காலம் வேலை பார்த்தாள். வேன் ஓட்டும் ராஜவேலைக் கல்யாணம் செய்துகொண்டு சிதம்பரம் வந்தாள். 2005-இல் இந்தக் கடையைப் போட்டாள்.

புதுக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் அவளிடம் வரமாட்டார்கள். வீட்டில் இருக்கும் பழசு மக்கர் பண்ணும்போதுதான் அவள் ஞாபகம் வரும். பகலில் பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளில், ரிப்பேருக்கு ஒரு பெண்ணே வருவது தோதாக இருந்தது. எல்லா வீட்டிலும் ஒரே புகார்தான்: நேற்றுவரைக்கும் திறந்த புரோகிராம் இன்றைக்குத் திறக்கவில்லை.

உட்கார்ந்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியா இதுல என்ன செஞ்சீங்க?"

எல்லா வீட்டிலும் ஒரே பதில், "ஒண்ணுமே செய்யலையே."

"நீ ரிப்பேர்காரியா, இல்ல போலீஸ் ஸ்டேசன் ரைட்டரா? திருடன்கூட உன்கிட்ட ஒண்ணும் செய்யலன்னுதான் சொல்லுவான்" என்பான் ராஜவேல்.

அந்தக் காலத்தில் ஊரில் எல்லா ரிப்பேர்காரர்களும் எல்லா நோய்க்கும் கொடுத்த மருந்து ஒன்றுதான். பார்மட். உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்தெறிந்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுவது. மாலதியும் அதைத்தான் செய்தாள். ஆனால் அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டில் அப்படித் துடைத்ததில், அந்த அம்மாவின் மகள் கல்யாணப் போட்டோக்கள் மொத்தமும் போய்விட்டன. அந்த அம்மா திட்டவில்லை. அப்புறம் கூப்பிடவும் இல்லை. அன்றிலிருந்து மாலதி எவ்வளவு அவசரமானாலும், பார்மட் சிடியைப் போடுவதற்கு முன்னால், இருக்கிற போட்டோக்களைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்வாள்.

2010 அக்டோபரில் ஒரு முற்பகல், வடக்கு வீதிப் பக்கத்துச் சந்திலிருந்து சத்யநாராயணன் போன் செய்தார். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். "அம்மா, உடனே வரமுடியுமா? வீடியோல பேசற புரோகிராம் திறக்கமாட்டேங்கறது. எங்க பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்கா."

மாலதி போனபோது கம்ப்யூட்டர் மேசை கட்டிலோடு ஒட்டிப் போடப்பட்டிருந்தது. கட்டிலில் அவர் மனைவி அன்னபூரணி. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். திரும்பிப் படுக்கவே இரண்டு பேர் பிடிக்கவேண்டும்.

விஷயத்தை அன்னபூரணியேதான் சொன்னார். மகள் சிவப்ரியாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. புருஷன் ராஜசபேசனோடு புனேயில் இருக்கிறாள். தலைப்பிரசவம். தேதிக்கு முன்னாலேயே வலி வந்து, ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் கையெழுத்துப் போட மறுக்கிறாள்.

"அஞ்சு வயசுல கோயிலுக்குப் போறோம்னு பொய் சொல்லி இவர் அவளை ஆபரேஷனுக்கு அழைச்சிண்டு போனார். கோயில்னு நம்பிப் போனவளுக்கு மூக்குல மயக்க மருந்தை வெச்சா. காதும் வரலை. அன்னிலேருந்து என்னைத் தவிர யார் கூப்பிட்டாலும் அவ ஆபரேஷன் ரூம் பக்கம் போகமாட்டா. போன்ல பேசினா அவளுக்குக் கேக்குமா? என் கை அவ கண்ணுல படணும்மா. அது ஒண்ணுதான்."

சத்யநாராயணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தனை மணிக்குள்ள, மாமி?"

"டாக்டர் பன்னெண்டு வரைக்கும்தான் பாப்பாராம்."

பன்னிரண்டுக்குத்தான் இந்தப் பக்கம் கரண்டும் போகும். தினமும் போகிறதுதான். யூபிஎஸ் பேட்டரி செத்து மாதமாகிறது என்று சத்யநாராயணன் முணுமுணுத்தார். சுவர்க் கடிகாரம் பதினொன்றைத் தாண்டியிருந்தது.

மாலதி உட்கார்ந்தாள். "கடைசியா இதுல என்ன செஞ்சீங்க சார்?"

"ஒண்ணுமே பண்ணலையேம்மா. நேத்து மத்தியானம்கூட அவகிட்ட பேசினோம்."

வீடியோ புரோகிராமைத் திறந்தாள். பெயரும் பாஸ்வேர்டும் வாங்கிக்கொண்டு, உள்ளே விடாமல் மூடிக்கொண்டது. மெயில் பக்கத்தைத் திறந்தாள். இந்தத் தளத்தை நம்ப முடியாது என்று மஞ்சள் முக்கோணம் வந்தது. ஆன்டிவைரஸைத் திறந்தாள். லைசென்ஸ் செல்லாது என்றது. நெட் இணைப்பு நன்றாகத்தான் இருந்தது. மோடத்தில் விளக்குகள் எரிந்தன. புரோகிராமைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டுப் பார்த்தாள். அதுவும் ஏறமாட்டேன் என்றது.

நல்ல வைரஸ்தான் என்று அவள் மனதுக்குள் தீர்மானித்தாள். காவல்காரனையே கட்டிப்போட்டுவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

சத்யநாராயணனின் செல்போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். மாப்பிள்ளை ராஜசபேசன்.

"மாமா, ஆச்சா? நான் லேப்டாப்பைத் திறந்து வெச்சிண்டு உட்கார்ந்திருக்கேன். குழந்தையோட துடிப்பு குறையறதாம். கையால சொன்னாலும் சரி, எழுதிக் காமிச்சாலும் சரி, இவ பாக்கமாட்டேங்கறா. கண்ணை இறுக்கி மூடிண்டுட்டா."

சிவப்ரியா கண்ணை மூடிக்கொண்டால் உலகத்தில் யாரும் அவளோடு பேசமுடியாது.

மாலதி வேறு வழி தேடினாள். அவள் கடையில் இருந்த சொந்தக் கம்ப்யூட்டர் பிரித்துக் கிடந்தது. ராஜவேலைக் கூப்பிட்டாள். "யார்கிட்டயாவது லேப்டாப் வாங்கிட்டு வர முடியுமா?"

"நான் ஸ்ரீமுஷ்ணத்துல இருக்கேன் மாலதி. வண்டி நிறைய ஆளு. வர ஒரு மணி ஆயிடும்."

எதிர்வீட்டுப் பையன் லேப்டாப்போடு காலேஜுக்குப் போய்விட்டான். பிரவுசிங் சென்டருக்கு மாமியைத் தூக்கிக்கொண்டு போகமுடியாது.

"பார்மட்தான் பண்ணணும் சார்."

"பண்ணிடும்மா. எவ்வளவு நேரமாகும்?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும். பாதியில் கரண்டு போனால் இந்தக் கம்ப்யூட்டர் இன்றைக்கு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. பையிலிருந்து சிடியை எடுத்தாள். டிரைவின் தட்டு வெளியே வந்தது. சிடியை அதில் வைத்தாள்.

வைத்த கை நின்றது. போட்டோ எடுக்கவில்லை.

"இப்ப போட்டோவா முக்கியம்?" என்றார் சத்யநாராயணன், அவள் பென் டிரைவைச் சொருகுவதைப் பார்த்து. அவர் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை.

"ரெண்டு நிமிசம் சார்."

பென் டிரைவில் ஒரு புது போல்டர் உண்டாக்கினாள். இந்த வீட்டுப் பெயரைத் தட்டினாள். பட்டியலில் அது போய் அடியில் உட்கார்ந்தது. எப்போதும் புதுசு மேலேதான் வரும். பக்கத்தில் இருந்த தேதியைப் பார்த்தாள். 14, ஜூன், 1984.

இப்போதுதான் உண்டாக்கிய போல்டர். அவள் அதையே முறைத்துப் பார்த்தாள்.

"மாமி, எண்பத்தி நாலு ஜூன் பதினாலு என்ன நாளு?"

"வியாழக்கிழமை" என்றார் அன்னபூரணி, யோசிக்காமல். "சிவப்ரியா பொறந்த நாள். ஏம்மா?"

மாலதி திரும்பி சத்யநாராயணனைப் பார்த்தாள். "சார், மூலையில மணி காட்டுதே, அதைத் தொட்டீங்களா?"

"தொட்டேன்." அவர் விழித்தார். "நேத்து சாயங்காலம். ஆபரேஷன் வேணும்னு மாப்பிள்ளை சொன்னதும், பொறந்த கிழமையில ஒரு அர்ச்சனை பண்ணலாம்னு தோணித்து. நான் புதன்கறேன், இவ வியாழன்கறா. அந்த மணியை ரெண்டு தடவை அமுக்கினா காலண்டர் வருதே, அதுல வருஷத்தைத் தள்ளிப் பார்த்தேன். இவ சொன்னதுதான் சரி. பார்த்துட்டு மூடிட்டேன். வேற ஒண்ணும் பண்ணலை."

"எதை அமுக்கி மூடுனீங்க? ஓகேயா, கேன்சலா?"

"ஓகேதான். குழந்தை நல்லபடியாப் பொறக்கணும்னு நாள் பாக்கறச்சே யாராவது கேன்சலை அமுக்குவாளா?"

மாலதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கீழே மூலையில் மணி மட்டும்தான் தெரிந்தது. அது சரியாகவே ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் மட்டும் நேற்று சாயங்காலத்திலிருந்து சிவப்ரியா பிறந்த நாளில் உட்கார்ந்திருந்தது. அந்தத் தேதியில் இன்னும் தொடங்காத லைசென்ஸையும், இன்னும் பிறக்காத தளத்தையும் புரோகிராமையும் அது எப்படி ஏற்றுக்கொள்ளும்?

மணியை இரண்டு தடவை தட்டினாள். வருஷத்தை ஏற்றினாள், மாதத்தை மாற்றினாள், தேதியைத் தொட்டாள், ஓகே கொடுத்தாள். புரோகிராமை மறுபடி ஏற்றினாள். பச்சைக் கோடு நகர்ந்தது. பாதியில் நின்றது. மறுபடி நகர்ந்தது. சுவர்க் கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

உள்ளே விட்டது. ராஜசபேசன் பெயரில் அழைப்பை அமுக்கினாள். படம் கட்டம் கட்டமாக வந்து, பிறகு தெளிந்தது. வெள்ளைத் தலையணை. அதில் வியர்த்த ஒரு முகம். கண்கள் இறுக்கி மூடியிருந்தன.

அன்னபூரணி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டிருந்தார். பார்க்க வேண்டியவள் பார்க்கவில்லை.

"மாப்பிள்ளை!" அவர் கத்தியதில் இடுப்பு வலித்து முகம் கோணியது. "அவ இடது காது மடலைப் பிடிங்கோ. மெதுவா ரெண்டு தடவை இழுங்கோ. நான் அப்படித்தான் எழுப்புவேன்."

திரையில் ஒரு ஆண் கை நீண்டது. காது மடலை இழுத்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

கண்கள் திறந்தன.

மாலதி மேசையிலிருந்து விலகிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மாமியின் கைகள் காற்றில் வேகமாக ஓடின. வயிற்றைத் தொட்டன, மார்பைத் தொட்டன, ஒரு கையை இன்னொரு கை மூடிப் பிடித்துக்கொண்டது. பொய் இல்லை என்பதுபோல உள்ளங்கைகள் விரிந்து நின்றன. திரையில் இருந்தவள் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்றா, சரி என்றா, மாலதிக்குப் புரியவில்லை. அவளும் விரலால் ஏதோ கேட்டாள். அன்னபூரணி பதில் சொல்லக் கையைத் தூக்கினார்.

மின்விசிறி நின்றது. திரை கறுத்தது.

தூக்கிய கை அப்படியே இருந்தது.

"என்ன கேட்டா?" என்றார் சத்யநாராயணன்.

"அப்பா சொன்னாரா, இல்ல நீயே சொல்றியான்னு." அன்னபூரணி கையை இறக்கவில்லை. "நான் பதில் சொல்லலையே."

அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து மனைவியின் கையைப் பிடித்து மெதுவாக இறக்கினார். மோடத்தின் விளக்குகளும் அணைந்திருந்தன.

போன் அடித்தபோது மாலதிதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாமா, கையெழுத்துப் போட்டுட்டா. உள்ளே அழைச்சிண்டு போயிட்டா. போறப்போ அவளே தன் காதைப் பிடிச்சு இழுத்துண்டு என்னைப் பார்த்தா."

மாலதி கடைக்குக் கிளம்பவில்லை. போகும்படி அவர்களும் சொல்லவில்லை. மாமிக்கு மோர் கரைத்துக் கொடுத்தாள். அடுத்த போன் வந்தபோது வெயில் ஜன்னல் கம்பிக்கு வந்திருந்தது. பெண் குழந்தை. இருவரும் நலம்.

சத்யநாராயணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நட்சத்திரம் என்னன்னு பாக்கணுமே" என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

"சார்!" என்றாள் மாலதி. சுவரில் தொங்கிய தினசரி காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

கட்டிலில் இருந்து வந்த சிரிப்பு, வலியால் பாதியில் நின்றது. "இனிமே அந்த மணிகிட்ட போனேள்னா பாருங்கோ."

அதற்குப் பிறகும் மாலதி பழைய கம்ப்யூட்டர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்மட்டும் பண்ணினாள். கேள்வியை மட்டும் மாற்றிக்கொண்டாள். "என்ன செஞ்சீங்க?" என்று கேட்பதில்லை. "கடைசியா இதுல என்ன பாத்தீங்க?" என்று கேட்டாள். ஒன்றுமே செய்யாத வீடுகளில்கூட, பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தால் காப்பி ஆறும்வரை சொன்னார்கள்.