அழுத்த மறந்த பொத்தான்

ஆரியசாலையில் நான் டீ போடும் கடைக்குத் தினமும் காலையில் ஒருவர் சைக்கிளில் வருவார். ஒல்லியான உடம்பு, நரைத்த தாடி, மலையாளம் கலந்த தமிழ். உட்காரவே மாட்டார். கைப்பிடியில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியின் பொத்தானை அழுத்திப் பதிவை நிறுத்திவிட்டு, அதையே பார்த்தபடி கால் மாற்றிக் கால் மாற்றி நின்று குடிப்பார்.

அன்று அவர் நூறு கிலோமீட்டர் ஓட்ட வேண்டிய நாள். அது கருவியில் பதிவானால்தான் கன்னியாகுமரிக்குப் போகும் சைக்கிள் குழுவில் இடம். பாதி முடித்து வந்தவரிடம், பல நாள் தயங்கியதைக் கேட்டுவிட்டேன்.

"சார், இதுல என்னவெல்லாம் தெரியும்?"

வேகம், ஏற்றம், வந்த வழி என்று ஆசையாகக் காட்டினார். நேரமாகிவிட்டதென்று அவசரமாகக் கிளம்பினார். இரண்டு மணி நேரம் கழித்து வியர்வையோடு திரும்பினார்.

"பட்டனை அமுக்க மறந்துட்டேன் அண்ணாச்சி. இங்கேருந்து ஓட்டினது ஒண்ணும் ஏறலை."

"நீங்க ஓட்டினீங்கன்னு நான் வந்து சொல்றேன் சார்."

"நீங்க கடையிலே அல்லே நின்னீங்க? நான் டீ குடிச்சதுக்கு வேணும்னா சாட்சி சொல்லுங்க."

சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தி, அதே தூரத்தை வெயிலில் மறுபடி ஓட்டப் போனார். என் பேச்சால்தான் மறந்தது என்று அவர் சொல்லவே இல்லை.

மறுநாளும் வந்தார். இடம் கிடைத்ததா என்று கேட்க மனம் துடித்தது. அவர் பொத்தானை அழுத்திக் கிளம்பும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.