பட்டியலில் ஜெரோசன் இல்லை

ஒரே வேலையை இரண்டு தரம் செய்யச் சொன்னால் றொஷானுக்கு உடம்பெல்லாம் எரியும். லண்டன் குரோய்டனில் கணினி வேலை. பக்கத்து நோர்பரித் தமிழ்க் கத்தோலிக்கக் கோயிலில் எது பழுதானாலும் அவன் தலையில்தான் விடியும். நவம்பரில் இறந்தோர் திருப்பலியில் வாசிக்கும் பெயர்ப் பட்டியலும் அப்படி வந்ததுதான்.

எங்கள் சனம் தகப்பன் பெயரையும் பிள்ளை பெயரையும் சேர்த்தெழுதும். ஒரு வரியில் இரண்டு சொல் என்றால் ஒரு ஆள். தகப்பனும் மகனும் இறந்திருந்தால் மூன்று சொல்: முதல் இரண்டும் தகப்பன், கடைசி இரண்டும் மகன். றொஷான் பைதன் கணினி மொழியில் நாலு வரி எழுதி, இரண்டிரண்டு சொல்லாகப் பிடிக்க விட்டான். ஒரு நிமிடத்தில் பட்டியல் தயார். சரிபார்க்கவில்லை, பாவி.

அந்தக் கோயிலுக்கு வரும் பெர்னடெற் அனுப்பிய வரி, 'மரியதாஸ் சூசைதாசன் ஜெரோசன்.' புருஷன் சூசைதாசன் இறந்து மூன்று வருடம். மகன் ஜெரோசன் மார்ச் மாதம் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். அப்படிச் செத்தவனின் பெயரைக் கோயிலில் வாசிப்பார்களா என்று சனம் வாசலில் நின்றே குசுகுசுத்தது. "வாசிப்பன்" என்று பாதர் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

திருப்பலியில் "மரியதாஸ் சூசைதாசன்" என்றார் பாதர். பெர்னடெற் எழுந்து, கையிலிருந்த இரண்டு மெழுகுதிரிகளில் ஒன்றைக் கொளுத்தினாள். அடுத்து வந்தது வேறு வீட்டுப் பெயர். பட்டியல் முடியும்வரை நின்றாள். பிறகு நற்கருணை வாங்காமலே வெளியேறினாள்.

றொஷான் வீட்டுக்கு ஓடிப்போய் அந்த நாலு வரியைப் பார்த்தான். ஒருமுறை பிடித்த சொல்லைத் தேடல் மறுபடி தொடாது. அதைத் தாண்டித்தான் அடுத்ததைத் தொடங்கும். சூசைதாசன் என்ற சொல் தகப்பனோடு போய்விட்டது, மகன் ஒற்றைச் சொல்லாக மிஞ்சி விழுந்துவிட்டான். இரண்டாம் சொல்லை எடுக்காமல் எட்டி மட்டும் பார்க்கும்படி நாலைந்து குறிகளைச் சேர்த்தான். ஜெரோசன் வந்தான், அவனோடு இன்னும் பதினொரு பேர்.

அடுத்த நாள் பெர்னடெற் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"அன்ரி, பிழை என்ர. நான் எழுதின புரோகிராம் இன்னும் பதினொரு பேரையும் விட்டிட்டுது. பாதருக்கு ஒண்டும் தெரியாது."

லாப்டொப்பைத் திறந்து காட்டினான். அவள் பார்க்கவில்லை.

"நீர் நல்ல பிள்ளை," என்றாள். "பாதரோ உம்மை இப்பிடிச் சொல்லச் சொல்லி அனுப்பினவர்?"

"சத்தியமா இல்லை அன்ரி. வாற ஞாயிறு வாசிப்பினம், வாங்கோ."

"ஒருக்கா கேட்டது போதும், தம்பி."

ஞாயிற்றுக்கிழமை பாதர் அந்தப் பன்னிரண்டு பெயர்களையும் வாசித்தார். "சூசைதாசன் ஜெரோசன்" என்றபோது எழுந்து நிற்க ஒருவரும் இல்லை. றொஷான் எழுந்தான். அவனிடம் மெழுகுதிரி இருக்கவில்லை.