துணைக்குத் தின்ற சோறு

முதலில் தேங்காயை நிறுத்தினேன். எங்கள் பக்கத்தில் ஒருத்தி தேங்காயை நிறுத்திவிட்டாள் என்றால் அதற்கு மேல் அவளிடம் எதையும் கேட்கக் கூடாது. மீன்குழம்பில் அரைப்பு இல்லை, அவியல் இல்லை, தேங்காய் அரைத்துப் போட்டு மயக்கிய மரச்சீனிக் கிழங்கு இல்லவே இல்லை. மத்தியானம் இரண்டு சப்பாத்தியும் வெள்ளரிக்காயும். விடிந்ததும் பத்மநாபபுரத்தில் கோட்டைச் சுவரை ஒட்டி நடை. அரண்மனை பார்க்க வருகிறவர்களின் பேருந்துகள் வந்து அடைப்பதற்குள் ஒரு சுற்றை முடித்துவிடுவேன். மூன்று மாதம் இப்படிக் கிடந்து பாடுபட்டும், மருந்துக்கடை வாசலில் இருந்த எடை மெஷினில் முள் நின்ற இடத்திலேயே நின்றது.

"மெஷின் கேடாக்கும்," என்றேன் கடைக்காரரிடம்.

அவர் தானே ஏறி நின்று காட்டினார். அவருக்குச் சரியாகத்தான் காட்டியது. சவத்து மெஷின்.

அழகுக்காக இளைக்கப் பார்க்கவில்லை. அந்த ஆசையெல்லாம் மகள் பிறந்ததோடு போயிற்று. எனக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது, எடை இறங்காவிட்டால் மாத்திரை தொடங்க வேண்டியதுதான் என்று தக்கலையில் நான் பார்க்கும் டாக்டர் சொல்லியிருந்தார். என் அம்மாவுக்கும் மாத்திரையில்தான் தொடங்கியது. அப்புறம் ஊசி, அப்புறம் காலில் ஆறாத புண், கடைசியில் வலது காலை முட்டுக்குக் கீழே எடுத்தார்கள். கட்டிலில் அந்த இடத்தில் போர்வை தட்டையாகக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரை என்று யாராவது சொன்னாலே எனக்குப் பயம். இதில் மறைக்க என்ன இருக்கிறது, பயம்தான்.

அடுத்த முறை போனபோது டாக்டர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. என்னைவிட வயதில் சின்ன பெண். "ராத்திரி எத்தன மணிக்கு உறங்குவீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணு, ஒண்ணரை ஆவும்."

"எழும்புறது?"

"அஞ்சுக்கு. நடக்கணும், சமைக்கணும், பெறவு இரணியலுக்கு வேலைக்குப் போணும்லா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். உறக்கம் போதாத உடம்புக்குக் கூடுதலாகப் பசிக்கும், அது கொழுப்பை லேசில் விடாது, சர்க்கரையையும் ஏற்றிவிடும் என்று பொறுமையாக விளக்கினார். "முதல்ல உறங்குங்க. நடையை அப்புறம் பாத்துக்கலாம்." எனக்கு எரிச்சல்தான் வந்தது. உறங்கு என்று சொல்வதற்கா இவ்வளவு படித்தார்கள்?

"அவ்வளவு நேரம் முழிச்சிருந்து என்ன செய்வீங்க?" என்று கேட்டார். எப்படிச் சொல்வது?

என் வீட்டுக்காரர் கல்ஃபில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் வேலை பார்க்கிறார். மத்தியானம் ஓய்வு விட்டு இரண்டு வேளை டூட்டி. ராத்திரி அது முடிந்து அவர் அறைக்கு வரும்போது இங்கே பன்னிரண்டரை. தட்டில் எதையாவது போட்டுக்கொண்டு, போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவைத்து என்னைக் கூப்பிடுவார். இங்கே நானும் ஒரு தட்டோடு உட்காருவேன். அவர் போன முதல் வருஷம் தொடங்கிய வழக்கம். சேர்ந்து சாப்பிட்டுப் பழகியவர்கள் நாங்கள். அங்கே அந்த மனிதர் ஒற்றைக்கு இருந்து தின்னும்படி விட எனக்கு மனசு வரவில்லை. பக்கத்து வீட்டு மைனி கேலி செய்வாள்: "ஒங்க வீட்டுல பாதிராவுல எரியுத லைட்டப் பாத்தா, கள்ளன்கூட எல போடச் சொல்லுவாம் பாத்துக்கோ."

மகளோடு எட்டு மணிக்கே சாப்பிட்டிருப்பேன். பாதிராத்திரித் தட்டை எந்தக் கணக்கிலும் சேர்த்ததில்லை, டாக்டரிடமும் சொன்னதில்லை. என்னைப் பொறுத்தவரை அது சாப்பாடு அல்ல, அவருக்குத் துணை.

டாக்டர் சொன்ன பிறகும் சில நாள் வீட்டுக்காரரிடம் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியான ஓய்வுக்கு அவர் அறைக்கு வந்திருக்கும் நேரம் பார்த்து நானே கூப்பிட்டேன். அந்த நேரத்தில் நான் கூப்பிடுவதே இல்லை. பதறிவிட்டார்.

"என்னட்டி, பிள்ளைக்கு ஒண்ணுமில்லியே?"

"ஒண்ணுமில்ல. இனி ராத்திரி பத்து மணிக்கு உறங்கச் சொல்லியிருக்காவ. இல்லேன்னா மாத்திரையாம். நீங்க ஒத்தைக்கு இருந்து தின்னணுமேன்னுதான் எனக்கு வெப்ராளமா இருக்கு."

அவருக்கு மனசு வலித்துவிட்டது என்று நினைத்து நான் வேகவேகமாகச் சமாதானம் சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில் அவர் இடைமறித்தார்.

"ஏட்டி, கடையில பிரேக்குலயே பயலுவளோட இருந்து தின்னுருவேன். ரூமுல தின்னதெல்லாம் ஒனக்காக்கும். நான் இல்லாம ஒனக்குச் சோறு எறங்கல்லன்னு மொதல் வருஷம் அழுதேல்லா?"

அழுதேன்தான். நான் அதை எப்போதோ மறந்துபோயிருந்தேன்.

"நானும் எட்டு மணிக்கே தின்னுருவேன்," என்றேன்.

அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு நானும். இத்தனை வருஷம் இரண்டு பேரும் வயிறு நிறைந்த பிறகு ஒருவருக்காக ஒருவர் இன்னொரு தட்டு தின்றிருக்கிறோம், உறக்கத்தையும் கெடுத்துக்கொண்டு! இதற்கு நான் வேறு தேங்காயை நிறுத்தினேன்.

சிரித்து ஓய்ந்ததும் அவர் குரல் இறங்கியது. "எனக்கு மாத்திரை தொடங்கியாச்சுட்டி."

"என்ன மாத்திரை?"

"சுகருக்கு. போன வருஷமே. ஒனக்கு அம்மைக்க காலு ஓர்மை வந்திருமேன்னு சொல்லல்ல."

"அட பாவி மனுஷா!" என்று கத்தினேன். மைனி வீட்டுவரை கேட்டிருக்கும். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். ஏசி முடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மாத்திரை போட்டுட்டு அதுக்கு மேல ஒரு தட்டு தின்னுருக்கீங்களா?"

"மாத்திரையப் போட்டுட்டுத்தான் ஒன்னக் கூப்பிடுவேன். நீ பாத்திரக் கூடாதுல்லா."

அன்று ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைத்தேன். உறக்கம் வரவில்லை. பன்னிரண்டரை ஆனது. போன் தலைமாட்டில் சத்தமில்லாமல் கிடந்தது. ஒரே ஒரு முறை கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று கை போயிற்று. அவராவது உறங்கட்டும் என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன்.