பாண்காரரின் சத்தியம்

கொக்கிளாய்ப் பள்ளிக்கூடத்தில் படம் காட்டிய ஞாயிறன்று, பின்னேர வெயில் உள்ளே வராமல் யன்னல்களுக்குத் தோணிப் பாய்களைக் கட்டினோம். படச்சுருள்களையும் இயந்திரத்தையும் கத்தோலிக்கக் கோயில் சுவாமியார் முல்லைத்தீவிலிருந்து வான் வண்டியில் கொண்டுவந்திருந்தார். ஆங்கிலப் படம். சனத்துக்குத் தமிழில் சொல்லும் வேலை எனக்கு. நான் அங்கே இரண்டாவது வருடமாகப் படிப்பித்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து ஆள், சைவம். அதற்கு முதல்நாளே ஒருமுறை போட்டுப் பார்த்துக் குறிப்பு எடுத்திருந்தேன்.

ஜெர்மன்காரர் பிடித்த ஓர் ஊர். யூதர்களைத் தேடிப் பிடித்து ரயிலில் ஏற்றி அனுப்புகிறார்கள். பேக்கரியில் பாண் சுடுகிற ஒருவர், நாலு பேர் கொண்ட யூதக் குடும்பத்தைப் போறணை அடுப்புக்கு மேலே மாமூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறார்.

"யூதர்" என்று நான் சொன்னதும் சலசலப்பு. அங்கே தெரிந்த யூதர், பெரிய வெள்ளிக்கிழமை நாடகத்தில் ஆண்டவரைச் சாட்டையால் அடிப்பவர்கள்தான். வருடாவருடம் அந்த வேஷம் கட்டுகிறவனைப் பார்த்து ஒருவர், "மச்சான், ஒளிக்கிறதெண்டா என்ரை வீட்டுப் பக்கம் வந்திடாதை, நீ தின்னச் சோறு காணாது!" என்று கத்த, மண்டபம் சிரித்தது. ஆண்டவரும் அவருடைய தாயாரும் யூதர்தான் என்று சுவாமியார் எழும்பிச் சொன்னார். சிரிப்பு நின்றது.

படத்தில் சிப்பாய்கள் வந்தார்கள். பாண்காரர் சுவரிலிருந்த சிலுவையில் கையை வைத்து, இங்கே ஒருவரும் இல்லை என்று சத்தியம் செய்தார். முன்வாங்கில் இருந்த சம்மாட்டியார், கரைவலைச் சொந்தக்காரர், அந்த இடத்தில் எழும்பி வெளியே போய்விட்டார்.

படம் முடிந்து நான் பாய்களை அவிழ்க்கும்போது சம்மாட்டியார் திரும்பி வந்தார்.

"மாஸ்டர், அந்தப் பாண்காரன் பிறகு நன்மை எடுத்தவனோ?"

நன்மை என்பது பூசையில் சுவாமியார் நாக்கில் வைக்கும் அப்பம் என்று அதற்குள் எனக்குத் தெரியும்.

"படத்திலை அது இல்லை."

"பாவசங்கீர்த்தனம்? சுவாமியிட்டைப் போய்ப் பாவத்தைச் சொன்னவனோ?"

"அதுவும் இல்லை."

"கடைசி மட்டும் பாத்தனீங்களோ?"

"ரெண்டு தரம்."

மணலில் குந்தினார். அவர் செய்தது ஊருக்கே தெரியும். இனக்கலவரம் நடந்த கிழமையில், நீர்கொழும்பிலிருந்து மீன்பிடிப் பருவத்துக்கு வந்து கரையில் வாடிக் குடிசை போட்டிருந்த இரண்டு சிங்கள மீனவரைத் தன் கொட்டிலில் வலைக்கு அடியில் படுக்கவைத்தார். தடியோடு தேடிவந்த தமிழரிடம், அவர்கள் விடியவே தோணியில் போய்விட்டார்கள் என்று செபமாலையைப் பிடித்துச் சத்தியம் செய்தார்.

"நல்ல வேலைதானே செய்தனீங்கள்," என்றேன்.

"நல்ல வேலைதான். பொய்ச்சத்தியமும்தான். மன்னிப்புக் கேக்கிறதெண்டா மனஸ்தாபம் இருக்கவேணும், செய்ததை நினைச்சு மனம் வருந்தவேணும். எனக்கு இல்லை. நாளைக்கு வந்தாலும் அப்பிடித்தான் பண்ணுவன். மனஸ்தாபம் எண்டு சுவாமிக்குச் சொன்னா அது ரெண்டாவது பொய்." சத்தியம் செய்த அன்றிலிருந்து அவர் நன்மை எடுக்கவில்லை. "செத்தா எனக்குச் சவக்காலையிலை இடம் இல்லையெண்டு மனிசி பயப்பிடுறா, மாஸ்டர்."

"சுவாமியாரைக் கேக்கட்டோ?"

"என்ரை பேரைச் சொல்லாதையுங்கோ."

சுவாமியார் சுருளைச் சுற்றிக்கொண்டிருந்தார். பாண்காரரின் கேள்வியாகவே கேட்டேன்.

"பாண்காரனோ, சம்மாட்டியோ?" என்றார்.

நான் அடுத்த சுருளை எடுத்து நீட்டினேன்.

"செய்ததுக்கு மனஸ்தாபப்படச் சொல்லி நான் கேக்கேல்லை. அப்பிடிச் சத்தியம் பண்ணவேண்டி வந்த நாளை நினைச்சா மனம் நோகுதோ எண்டு கேட்டுப் பாருங்கோ."

திரும்பிவந்து சொல்லுக்குச் சொல் சொன்னேன். சம்மாட்டியார் மணலைத் தட்டிக்கொண்டு எழும்பினார்.

"அது நோகுது," என்றார். "அது சரியா நோகுது."

அடுத்த ஞாயிறு பூசைக்கு முன்பு சுவாமியாரிடம் போய் முழங்காலில் நின்றார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அதை வெளியே சொல்வதில்லையாம். நான் கோயில் வாசலில் நின்று பார்த்தேன். நன்மைக்குச் சனம் எழும்பியபோது அவரும் எழும்பினார். பெண்கள் பக்கத்திலிருந்து அவருடைய மனைவி, எல்லோருக்கும் கேட்கும்படி, "மேல் பொத்தானைப் பூட்டுங்கோ!" என்றார். அவர் பூட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.