எதிர்க்கரையில் ஐந்து விளக்கு

இங்கே மழை பிடித்தால் எரிகிற விளக்கையும் அணைத்துவிடுகிறார்கள். நான் இந்த அலுவலகத்தில் சேர்ந்த இரண்டாவது வாரம், அக்டோபர் மாதம், பிற்பகல் மூன்று மணி இருக்கும். சன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிய ஆரம்பித்தது. பக்கத்து மேசை யோனாஸ் எழுந்து போய்க் கூரை விளக்கை அணைத்தார். சன்னல் விளிம்பில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்தார். அங்கே இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்து, வயிறு நிறைந்த பிள்ளைகள் மாதிரி "மீசிக்" என்று மூச்சு விட்டார்கள். நான் எங்கே இருந்தேன் என்கிறீர்களா? மேசைக்கு அடியில். செல்போனை சார்ஜில் போடுவதற்குப் பிளக் தேடிக்கொண்டிருந்தேன். தரையில் கிடந்த கைப்பையையும் தூக்கி மேசைமேல் வைத்தாகிவிட்டது. "ஸ்டெல்லா, இங்கே கரண்ட் போகாது" என்று யோனாஸ் சிரித்தார். போகாது என்று எனக்கும் தெரியும். இரண்டாவது மாடிக்கு வெள்ளம் வராது என்றும் தெரியும். அடுப்பு அணைந்துவிட்டது என்று எத்தனை தடவை சொன்னாலும், சூடு கண்ட பூனை கிட்டே போகுமா?

மீசிக் என்ற சொல்லுக்கு நம்மிடம் ஒற்றைச் சொல் இல்லை. கதகதப்பு, முடங்கிக் கிடக்கிற சுகம், வெளியே குளிர் இருப்பதால் உள்ளே வருகிற நெருக்கம், எல்லாம் அதற்குள் அடக்கம். ஸ்வீடன் நாட்டில் மேற்குக் கடலோரமாக, நடுவே ஒரு ஆறு ஓடுகிற நகரம் இது. நான் வேலை பார்க்கிற சின்னக் கம்பெனி கம்ப்யூட்டர் ஆட்டங்கள் செய்கிறது. அதில் ஓர் ஆட்டத்தை வெளியே விடுவதற்கு முன் விளையாடிப் பார்த்து, எங்கே இடறுகிறது, எங்கே மாட்டிக்கொள்கிறது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. "விளையாடுறதுக்குச் சம்பளமா?" என்று ஊரில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். முதல் ஆறு மாதம் பழகு காலம், ப்ரூவான்ஸ்டெல்னிங் என்பார்கள். அதில் தேறாவிட்டால் மூன்று மாதத்துக்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். கும்பகோணத்தில் ஒரு துணிக்கடை மாடியில் கம்ப்யூட்டர் கற்று, மீதியை நானாகவே தட்டித் தடவிப் படித்து வந்தவள் நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டு அறுத்தவர்கள். எங்கள் தெருவிலிருந்து பிளேனில் ஏறிய முதல் ஆள் திரும்பி வந்தால், ஊர் ஒன்றும் கேட்காது. கேட்காமலே பார்க்கும். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் ஆறு மாதமும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழுக்கச் சாம்பல் நிறம். கையில் லாந்தர் பிடித்த ஒரு சின்ன உருவம் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் நடந்துகொண்டே இருக்கும். முகம் கிடையாது, பேச்சு கிடையாது. பள்ளம் வந்தால் தாண்ட வேண்டும், பெட்டியைத் தள்ளி மேலே ஏற வேண்டும், பூட்டிய கதவை எப்படித் திறப்பது என்று யோசிக்க வேண்டும். மழைச் சத்தமும் எங்கேயோ ஒரு பியானோவும் தவிர வேறு ஒன்றும் கேட்காது. இதை உருவாக்கியவர் யோனாஸ். "யாருமே இல்லாத உணர்வு வர வேண்டும், அதுதான் இதன் அழகு" என்றார். எனக்கு அது ஊமை கண்ட கனவாக இருந்தது.

நாங்கள் ஆடிய ஆட்டமே வேறு. கும்பகோணம் பக்கத்துப் பாபநாசத்தில், கடைத்தெருவில், டிவியில் கேசட் செருகி விளையாடுகிற பெட்டியை ஒருவர் வாடகைக்கு விட்டிருந்தார். என் அண்ணன் சவரிமுத்து என்னையும் கூட்டிப்போவான். விளையாடுவது ஒருத்தர், பின்னால் நின்று ஆடுவது பத்துப் பேர். "குதிடா, குதிடா!" "இப்பக் குதிக்காதடா கழுதை, பொறு!" "நான் சொன்னேன்ல, கேட்டியா? செத்தான் பாரு!" யார் ஜெயித்தாலும் எல்லோரும் ஜெயித்தோம். இங்கே எல்லோரும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனித்தனியாக ஆடுகிறார்கள். ஆடி முடித்ததும் "நன்றாக இருந்தது" என்று மெல்லச் சொல்கிறார்கள், துக்க வீட்டில் காபி நன்றாக இருந்தது என்று சொல்கிற மாதிரி.

மார்ச் மாதம், பழகு காலம் முடிய இரண்டு வாரம் இருந்தபோது, ஒன்பதாம் கட்டம் என்னிடம் வந்தது. உருவம் ஓர் ஆற்றங்கரைமேல் நிற்கிறது. மழை கொட்டுகிறது. தண்ணீர் கரை விளிம்புக்கு ஏறிக்கொண்டே வருகிறது. போக வேண்டிய பாதை தண்ணீருக்கு அடியில். ஆற்றின் எதிர்க்கரையில், தூரத்தில், சின்னச் சின்ன வீடுகள். ஐந்து வீட்டில் விளக்கு எரிகிறது. அந்தக் கரை ஓரமாக, ஒரு மரப்பாலத்தின் முனையில், மண்ணில் ஒரு மண்வெட்டி குத்தி நிற்கிறது. எதிர்க்கரையை அதைக் கொண்டு வெட்டிவிட்டால் வெள்ளம் அந்தப் பக்கம் பாயும், இந்தப் பக்கம் வடியும், பாதை தெரியும். மற்றவர்கள் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள்.

நான் மண்வெட்டியைத்தான் முதலில் பார்த்தேன். எங்கள் ஊர்க்காரிக்கு அது கண்ணில் படாமலா இருக்கும்? ஆனால் கை அந்தப் பக்கம் போகவில்லை. வேறு வழி இருக்கும் என்று தேடினேன். முந்தின கட்டத்தில் உருட்டிவிட்டு வந்த மணல் மூட்டைகள் ஐந்து பின்னால் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக இழுத்து வந்தேன். இந்தப் பக்கக் கரை எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கே அடுக்கினேன். அடுக்கி முடித்து, உருவத்தை அதன்மேல் நிறுத்தி, லாந்தரை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மழை விட வேண்டும், தண்ணீர் இறங்க வேண்டும், அவ்வளவுதானே? முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். அந்த ஆட்டத்தில் மழை விடவே விடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாளும் அடுக்கினேன், மறுநாளும் நின்றேன்.

குடமுருட்டி ஆற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது கோடைக்காலத்துப் பழமொழி. ஐப்பசி, கார்த்திகையில் ஆறு நிரம்பிவிட்டால் அக்கரை பச்சை இல்லை, அக்கரை பகை. எதிர்க்கரை உடைந்தால் நம் ஊர் பிழைக்கும், நம் கரை உடைந்தால் அவர்கள் பிழைப்பார்கள். அதனால் இரண்டு கரையிலும் ஆட்கள் மணல் மூட்டையோடு காவல் நிற்பார்கள், தண்ணீரைப் பார்த்துப் பாதி, எதிரில் இருப்பவர்களைப் பார்த்துப் பாதி. நான் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த வருஷம் அப்படி ஒரு வெள்ளம். சம்பாப் பயிர் முழங்கால் உயரத்தில் நின்றது. பெண்களும் பிள்ளைகளும் மாதா கோயிலுக்குள் இருந்தோம். வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டாள். மூன்றாம் நாள் பிற்பகல் அண்ணன் வந்தான். இடுப்புவரை சேறு, தோளில் மண்வெட்டி. "தண்ணி வடிஞ்சிருச்சு" என்றான். அவ்வளவுதான். எதிர்க்கரை உடைந்திருந்தது. எப்படி உடைந்தது என்று எங்கள் தெருவில் யாரும் கேட்கவில்லை. அக்கரையிலிருந்து என்னோடு கம்ப்யூட்டர் வகுப்புக்கு வருகிற கலா ஒரு மாதம் பஸ்ஸில் வரவில்லை. வந்தபோது தனக்காக நான் பிடித்து வைத்திருந்த இடத்தைத் தாண்டிப் பின் சீட்டுக்குப் போனாள்.

இரண்டாவது நாள் மாலை, அலுவலக லேப்டாப்போடு அறைக்கு வந்து அண்ணனை வீடியோவில் கூப்பிட்டேன். வெளியே விடாத ஆட்டத்தை வெளியாருக்குக் காட்டக் கூடாது. ஆனாலும் பின்னால் நின்று கத்த ஒரு ஆள் இல்லாமல் எனக்கு ஓடவில்லை. செல்போனைத் திரைக்கு நேராக வைத்து, முதல் கட்டத்திலிருந்து ஆடிக் காட்டினேன்.

"ஏம்மா, எளவு வீடா இது? ஒரு கலரு இல்ல, ஒரு பாட்டு இல்ல" என்றான்.

"அண்ணே, இதுதான் இவங்களுக்குப் பிடிக்கும். இதுக்குப் பரிசெல்லாம் குடுப்பாங்க."

"குடுப்பாங்க, குடுப்பாங்க. இவ்வளவு தூரம் நடக்குறானே, வழியில ஒரு டீக்கடை உண்டா? யார்கிட்டயாவது வழி கேட்கச் சொல்லு. ஏன் இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே போறான்?"

"அவனுக்கு மூஞ்சியே கிடையாதுண்ணே."

பின்னால் அண்ணி சிரித்தது கேட்டது. ஒன்பதாம் கட்டம் வந்தது. அவன் முகம் செல்போனுக்கு நெருங்கி வந்தது.

"அது மம்பட்டியா?"

"ஆமா."

"அந்த வெளிச்சம்?"

"வீடு."

"உள்ள ஆளு இருக்கா?"

"சும்மா படம்ணே. ஆளெல்லாம் இல்ல. வெட்டினாத்தான் அடுத்த கட்டம் போக முடியும்."

அண்ணன், அண்ணியை டீ போடச் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டு, குரலை இறக்கிச் சொன்னான். "அன்னைக்கு நாங்க வெட்டல ஸ்டெல்லா. மாதா மேல சத்தியம். அது தானா ஒடைஞ்சது. ஆனா ஒடைஞ்ச சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் சந்தோஷப்பட்டோம். நான் கைதட்டினேன்." பதினைந்து வருஷத்தில் அவன் சொல்லி நான் கேட்டது இது ஒன்றுதான். "சாப்பிட்டியாண்ணே?" என்று கேட்டேன்.

அடுத்த நாள் அறிக்கை எழுத வேண்டும். என்ன எழுதுவது? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் இன்னொரு பக்கம். மனத்தைக் கட்டிக்கொண்டு எழுதினேன்: "வெட்டினால் எதிர்க்கரையில் உள்ளவர்கள் மூழ்குவார்கள். விளக்கு எரிகிறது. வெட்டாமல் போக ஒரு வழி வேண்டும்." எங்கள் கம்பெனித் தலைவி கரின் என்னைக் கூப்பிட்டார். நான் ஆடியதெல்லாம் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. முக்கால் மணி நேரம் மூட்டைமேல் அசையாமல் நின்ற உருவத்தை ஓடவிட்டுக் காட்டினார்.

"இங்கே எதற்காகக் காத்திருந்தாய்?"

"காவல் நின்றேன்."

"எதைக் காவல் காத்தாய்?"

எதை என்று சொல்வேன்? நான் கற்ற இங்கிலீஷில் குடமுருட்டிக்கு இடம் போதவில்லை. "எங்கள் ஊரில் தண்ணீர் ஏறினால் இப்படித்தான்" என்றேன். பக்கத்தில் இருந்த யோனாஸ் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் நல்லவர், கேலி செய்யவில்லை. "எனக்குப் புரிகிறது, நன்றி" என்றார். அந்த வாரம் முழுக்க நான் துணிகளை மடித்து வைப்பதும் பெட்டியைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை புதிய பதிப்பு வந்தது. கரை அதே கரை, மழை அதே மழை. மூட்டைகள் தரையோடு ஒட்டியிருந்தன, இழுத்தால் வரவில்லை. எதிர்க்கரையைப் பார்த்தேன். ஐந்து விளக்கும் இல்லை. வீடுகள் இருக்கின்றன, வெளிச்சத்தை மட்டும் யோனாஸ் எடுத்துவிட்டார். "நீ சொன்னது சரி, அந்த விளக்கு கவனத்தைக் கெடுக்கிறது" என்றார் யோனாஸ், எனக்கு ஓர் உபகாரம் செய்த சந்தோஷத்தில். அவருக்கு விளக்கு இல்லையென்றால் ஆள் இல்லை. எங்களுக்கு, வெள்ளத்தில் விளக்கு இல்லாத வீடு என்றால் கரண்ட் போய்விட்டது, ஆட்கள் இருட்டில் பரண்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். பின்னால் கரின் கையில் ஒரு காகிதத்தோடு வந்து நின்றார். இது கடைசிச் சோதனை என்றார். பெட்டி ஞாபகம் வந்தது, தெரு ஞாபகம் வந்தது. மண்வெட்டியை எடுத்தேன். வெட்டினேன். தண்ணீர் அந்தப் பக்கம் போனது. சத்தமே இல்லை. பியானோ மட்டும் இரண்டு கட்டை வாசித்தது. பாதை தெரிந்தது.

அந்தக் காகிதம் நிரந்தர வேலைக்கான கடிதம். இப்படி நுணுகிப் பார்க்கிறவள்தான் எங்களுக்கு வேண்டும் என்றார் கரின். கேக் வெட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.

அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "யம்மா, ஸ்டெல்லாவுக்கு வேலை நெலச்சிருச்சு!" என்று அவன் போட்ட சத்தம் தெருவே கேட்டிருக்கும். அம்மா அழுதாள். எல்லாம் அடங்கிய பிறகு அவன் கேட்டான்: "அந்த ஆட்டம் என்னாச்சு?"

"முடிச்சிட்டேன்."

"எப்படி முடிச்ச?"

"தண்ணி வடிஞ்சிருச்சுண்ணே" என்றேன்.

எப்படி வடிந்தது என்று அவனும் கேட்கவில்லை. "சரி விடு," என்றான். "அங்க மழையா? போனை சார்ஜ்ல போட்டு வை."

இங்கே மழைதான். திங்கள்கிழமை யோனாஸ் எழுந்து கூரை விளக்கை அணைத்தார், மெழுகுவத்தி ஏற்றினார். எல்லோரும் "மீசிக்" என்றார்கள். நானும் சொன்னேன். இப்போது நாக்குக்கு நன்றாகவே வருகிறது. சொல்லிக்கொண்டே செல்போனை சார்ஜில் போட்டுவிட்டு, சன்னலோரம் போய் நின்றேன். கீழே ஆறு, நிறைந்துதான் ஓடியது. இது எந்தக் கரை, நான் யார் பக்கத்து ஆள் என்று ஒரு நொடி பிடிபடவில்லை. எதிர்க்கரை வீடுகளில் எரிகிற விளக்குகளை எண்ண ஆரம்பித்தேன். யாரோ காபி வேண்டுமா என்று கேட்டார்கள், எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடியும் முதல் வீட்டிலிருந்து தொடங்கினேன்.