நீலம் மூன்று, கறுப்பு ஒன்று

அந்தப் பலகையின் பின்பக்கத்தில் அண்ணியின் கையெழுத்தில், பென்சிலால், "நீலம் மூணு, கறுப்பு ஒண்ணு, பச்சை ஒரு சொட்டு" என்று எழுதியிருந்தது. ஆளுயரப் பலகை. முன்பக்கம் முழுக்கக் கருநீலம். சுரண்டிய இடங்களில் மட்டும் அடியிலிருந்த சிவப்பும் வெள்ளையும் தெரியும். அண்ணி எந்தப் படத்துக்கும் பெயர் வைத்ததில்லை. அதே நிறம் மறுபடியும் வேண்டுமென்றால் எப்படிக் கலப்பது என்பதை மட்டும் பின்னால் குறித்து வைப்பார். காசிமேட்டில் படகுகளுக்கு வர்ணம் அடித்த அவருடைய அப்பாவிடமிருந்து வந்த பழக்கம் அது. அந்தக் குறிப்புக்கு என்ன பொருள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் அந்தப் படத்துக்கு நான் வேறொரு பொருளைக் கொடுத்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது ராயபுரத்தில் மீன்பிடிக் குடும்பம். அண்ணன் விசைப்படகு ஓட்டினார். நான் ஒருவன்தான் படித்தேன், ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தேன். அண்ணி எட்டாவதோடு நின்றவர். இன்று அவரை நவீன ஓவியர் என்று ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். அவர் ஓவியம் கற்ற இடம் படகுத் துறை. மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றி, பழைய வர்ணத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிப்பார்கள். சுரண்டும்போது போன வருடத்து நிறம், அதற்கு முந்தைய வருடத்து நிறம் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். சிறுமியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், கல்யாணமாகி வந்த பிறகு எங்கள் மொட்டை மாடியில் பலகைகளை வைத்து அதையே செய்ய ஆரம்பித்தார். ஐந்தாறு பூச்சு பூசுவார். காயவிட்டு, பட்டி பார்க்கும் தகட்டாலும் உப்புத்தாளாலும் சுரண்டுவார். எங்கே நிறுத்துவது என்பதுதான் வேலை. ஒரு பலகையின் முன்னால் தகட்டைக் கையில் பிடித்தபடி ஒன்றும் செய்யாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். படத்தில் வீடோ மரமோ ஆளோ எதுவும் இருக்காது.

அந்த நீலப் பலகைக்கு இரண்டு மாதம் ஆனது. அப்போது அண்ணன் உயிரோடு இருந்தார். சாயங்காலம் தேநீர் டம்ளரோடு மாடியேறி வந்து வம்பிழுப்பார்.

"இன்னாமே இது, படகுக்குத் தப்பிச்ச பலகையா?"

"உனுக்கு இன்னா தெரியும், போய் வலையப் பாரு."

"மேல ஒரு நம்பரு போட்டு வுடு. நான் ஓட்டிகினு பூட்றேன்."

படம் முடிந்த அன்று அவர்தான் பலகையைத் தலையில் வைத்துப் படியிறக்கினார். கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார். "நல்லா கீது" என்றார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு துறைமுக வாயிலருகே படகு கவிழ்ந்தது. மூன்றாம் நாள் எண்ணூர்ப் பக்கம் ஒதுங்கிய உடலை அடையாளம் காட்டியது நான்.

அதற்கு அடுத்த ஆண்டு, துறைமுகத்தை வரைய வந்த ஓவியர் ஒருவர் எங்கள் வீட்டில் சாய்ந்து நின்ற பலகைகளைப் பார்த்துவிட்டு, நகரின் தென்பகுதியில் ஒரு கூடத்தில் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்தார். நான் மொழிபெயர்ப்பாளனாகப் போனேன். அண்ணி கஞ்சி போட்ட பருத்திப் புடவையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். ஒரு பத்திரிகைக்காரப் பெண் நீலப் பலகையைக் காட்டி, இது எதைப் பற்றியது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். அண்ணி யோசித்துத்தான் பதில் சொன்னார்: "கறுப்பு மேல ஏறிகினே இருந்துச்சு. அத்த அடக்கறதுக்கே ரெண்டு மாசம் ஆச்சு."

அதை அப்படியே சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் நிறைந்திருந்த அறை அது. இவ்வளவுதானா இந்தப் பெண் என்று அவர்கள் நினைத்துவிடுவார்கள் என்று பயந்தேன். "கணவரை விழுங்கிய கடலோடு இரண்டு மாதம் போராடினேன் என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். தன் நீலம் அவருக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்து அண்ணியும் அவர் கையைப் பிடித்தார்.

கூச்சம் மட்டும் காரணமில்லை. அண்ணனுக்காக நான் அழுததே இல்லை. அந்த அறையில் மற்றவர்கள் கண்கலங்கியபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. அவர்கள் என்னைப் பார்த்த விதமும் பிடித்திருந்தது. பிறகு பழகிவிட்டது. அந்தப் படத்துக்கு 'விழுங்கிய கடல்' என்று பெயர் வைத்தேன். கண்காட்சிப் புத்தகங்களில் கட்டுரைகள் எழுதினேன். தில்லியில் ஒரு காட்சிக்கூடம் அதை வாங்கியது. அண்ணி அதன்பின் செய்த மஞ்சளும் பச்சையுமான பலகையைப் பார்த்தவர்கள்கூட அதில் சாவைத் தேடினார்கள். தேட வேண்டிய இடத்தைக் காட்டிக்கொடுத்தவன் நான்.

செய்தி தமிழ்ப் பத்திரிகை வழியாக எங்கள் தெருவுக்கும் வந்தது. மீன் வாங்கப் போன இடத்தில் ஒருத்தி, "புருசன் செத்ததுல பேரு வாங்கிகினா பாரு" என்று அண்ணி காதுபடச் சொல்லியிருக்கிறாள். அவருக்கு விளங்கவில்லை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த தன் மகளிடம் என் கட்டுரையைக் கொடுத்து வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லியிருக்கிறார். அன்று மாலை என்னை மாடிக்குக் கூப்பிட்டார். தூரிகைகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டே பேசினார், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வாத்தியாரே, அந்தப் பலகைய எறக்குனது யாரு?"

"அண்ணன்."

"அத்தப் பாத்தா எனுக்கு அவுரு கிண்டல் பண்ணதுதான் ஞாபகம் வரும். டம்ளர கையில வச்சிகினு நிப்பாரே, அது. ஊரெல்லாம் அவரு செத்துட்டாரு, அதுல மட்டும் சாவல. நீ அதுலயும் சாவடிச்சிட்ட."

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். "ஒண்ணும் வோணாம் தம்பி" என்றார். "அது அப்டி இல்லன்னு சொல்லிடு. நீ சொன்னவங்க கையிலயே சொல்லிடு. அது போதும்."

அடுத்த கண்காட்சியில் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அதற்கடுத்ததிலும் சொல்லவில்லை. அதற்குள் என் கட்டுரைகள் கல்லூரிகளில் பாடமாகவே வைக்கப்பட்டிருந்தன. நான் பொய்யன் என்று நானே எப்படி எழுந்து நின்று சொல்வது? அண்ணி இரண்டாம் முறை கேட்கவில்லை. பலகை வாங்குவதை நிறுத்தினார். ஏன் என்று யாரோ கேட்டதற்கு, "எத்தப் போட்டாலும் அவரத்தானே தேடறாங்க" என்று மட்டும் சொன்னாராம். மஞ்சள் பச்சைப் பலகை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியானது. மழையிலும் வெயிலிலும் அதன் வர்ணம் செதில் செதிலாக உதிர்வதைப் பதினோரு ஆண்டுகள் பார்த்தேன்.

சென்ற மாதம் அண்ணியின் படங்களையெல்லாம் ஒன்றாக வைத்து இங்கே ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. தில்லியிலிருந்து அந்தப் பலகையும் வந்தது. அண்ணி வர மறுத்துவிட்டார். பேச அழைத்ததால் நான் போனேன். எனக்கு எழுபத்தாறு வயதாகிறது, இனி எதைக் காப்பாற்ற வேண்டும்? ஒலிபெருக்கி முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். இந்தப் படம் என் அண்ணன் சாவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது, அதைச் சுமந்து இறக்கியவரே அவர்தான், அண்ணி சொல்லாததை அவர் சொன்னதாகச் சொன்னேன் என்றேன். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஓர் இளைஞர் என்னிடம் வந்து, இதைக் கேட்ட பிறகு படத்தில் சோகம் இன்னும் கூடிவிட்டது என்றார்.

மறுநாள் திருவொற்றியூரில் மகள் வீட்டிலிருக்கும் அண்ணியைப் பார்க்கப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"சொல்ட்டியா?"

"சொல்லிட்டேன் அண்ணி."

"இன்னா சொன்னாங்க?"

"கை தட்டினாங்க."

அண்ணி லேசாகச் சிரித்தார். "அதையும் கதையாக்கிட்டியா" என்றார். அதில் கோபம் இல்லை. மடித்த துணியை அடுக்கின் மேல் வைத்துவிட்டு, "பலகைய பாத்தியா?" என்று கேட்டார்.

"பாத்தேன். வர்ணம் அப்படியே இருக்கு."

"அத்தக் கேக்கல. இன்னா தெரிஞ்சுது உனுக்கு?"

கறுப்பை அடக்கிய நீலம் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். கூட்டம் கலைந்த பிறகு அதைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் பலகைக்கு முன்னால் தனியாக நின்றேன். எண்ணூர்க் கரையில் பார்த்த முகம்தான் வந்தது.

"அண்ணன்தான் தெரிஞ்சாரு, கரையில கெடந்த மாதிரி" என்றேன்.

அண்ணி கையிலிருந்த புடவையை மடியில் வைத்து நீவினார். ஓரங்களைச் சேர்த்து மடித்தார்.

"எனுக்கும் இப்ப அதான் தெரியுது" என்றார்.